பிறந்த வீட்டு ஜீன், புகுந்த வீட்டு வழக்கு

மரபணு ஆலோசகர் வேலையில் முக்கால்வாசி, எதிரே உட்கார்ந்திருப்பவர் "எங்க பக்கத்துல அப்படி யாரும் இல்லைங்க" என்று சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் காத்திருப்பதுதான்.

தென்னூரில் ஒரு பரிசோதனைக்கூடத்தின் மாடியில் எனக்கு ஓர் அறை. உங்களுக்கும் ஒரு குடும்பம் இருக்கும். குழந்தை பிறந்த வீட்டில் "மூக்கு அப்படியே எங்க அப்பா மூக்கு" என்று ஒரு பக்கமும், "பிடிவாதம் மட்டும் அவங்க வீட்டு வழி" என்று மறுபக்கமும் பங்கு பிரிப்பதை நீங்களும் கேட்டு நொந்திருப்பீர்கள். அந்தப் பங்கு பிரிப்புக்கு நடுவில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவள் நான். ஆகவே என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன், வாய்கள் அவரவருடையவை.

பரிகாரம் கேட்டவர்

கே.கே. நகரிலிருந்து ஒருவர் வந்தார். ஓய்வு பெற்றவர், தொப்பை ஓய்வு பெறவில்லை. எங்கேயோ எடுத்த மரபணு ரிப்போர்ட்டை மஞ்சள் பையில், ஜாதக நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று அதில் போட்டிருந்தது. நான் ஆரம்பித்தேன்: "சர்க்கரைக்குன்னு தனியா ஒரு ஜீன் கிடையாது சார். நூத்துக்கணக்கான இடங்கள்ல இருக்கிற சின்னச் சின்ன மாற்றங்கள் சேர்ந்து நம்மைக் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்க்குது. அவ்வளவுதான். இது விதி இல்லை, சாய்வு." 

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "சரி, பலன் சொல்லிட்டீங்க. பரிகாரம்?" என்றார். தினமும் நடக்க வேண்டும், சோற்றைக் குறைக்க வேண்டும், மாலை நேர போண்டாவை மறக்க வேண்டும் என்றேன். முகம் விழுந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அதைத்தான் எங்க வீட்டம்மா தினம் சொல்றாங்க. அவங்க சொல்றதைக் கேக்க முடியாமத்தான் உங்ககிட்ட வந்தேன். வேற பரிகாரம் ஏதாவது வந்தா சொல்லி அனுப்புங்க."

கை நீட்டாத பிள்ளை

மங்கையர்க்கரசி அம்மா வந்த அன்று என் அறையில் மின்விசிறி சத்தம் கேட்கவில்லை. அவர் குரல்தான் கேட்டது. பெரிய கடைவீதிப் பக்கம் ஜாக்கெட் தைக்கும் கடை நடத்துகிறார். கூடவே மகன் செந்தில், மருமகள் கவிதா, கவிதாவின் மடியில் மூன்று வயது யாழினி. குழந்தைக்குத் தலசீமியா. மாதம் தவறாமல் ரத்தம் ஏற்றியாக வேண்டும். கவிதா இப்போது மறுபடியும் கர்ப்பம். வயிற்றில் இருப்பதற்கும் இதே நோய் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். தாமதித்தால் பார்த்தும் பயனில்லை. டாக்டர் சீக்கிரம் என்று எழுதி அனுப்பியிருந்தார்.

வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: "சொந்தத்துல கல்யாணமா?" மூவருக்கும் சேர்த்து அந்த அம்மாவே "இல்லைங்க" என்றார். எழுதிக்கொண்டேன். பிறகு விளக்கினேன். உடம்பை எப்படிச் செய்வது என்று செல்லுக்குள் இருக்கும் குறிப்புதான் ஜீன். ஒவ்வொரு குறிப்பும் நம்மிடம் இரண்டு பிரதி. ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. ரத்தத்தின் சிவப்புக்கான குறிப்பில் ஒரு பிரதி கெட்டிருந்தால் மற்றது சமாளித்துவிடும். அவருக்குப் பெயர் கேரியர், நோயாளி அல்ல. இரண்டுமே கெட்டுப் போனால்தான் யாழினி மாதிரி. அதாவது அப்பாவிடமும் ஒன்று இருந்தே ஆக வேண்டும். யாழினி உடம்பில் ஊரார் ரத்தம் ஓடுவதால், அவளை மட்டும் வைத்துப் பார்க்காமல் தாய் தகப்பன் இருவருடைய ரத்தத்தையும் எடுத்து, எந்த இடத்தில் பிழை என்று கண்டுகொண்டால், அதே இடத்தைக் கருவிலும் பார்க்கலாம். கவிதா ஏற்கெனவே கொடுத்துவிட்டாள். செந்தில் கொடுக்கவில்லை. 

செந்தில் சட்டைக் கையை மடிக்கப் போனான். அம்மா அதைப் பிடித்து இறக்கிவிட்டார்.

"என் புள்ளை உடம்புல ஒரு குத்தமும் இல்லைங்க. எவ்வளவு ரத்தம் வேணுமோ அவகிட்டயே எடுத்துக்கங்க. கோளாறு பூரா அவ பொறந்த வீட்டு வழி."

மாமி வாங்கிய ஒப்புதல்

அன்று மாலை எரிச்சலோடு ஸ்ரீரங்கம் திரும்பினேன். எதிர்வீட்டு ராகவாச்சாரி மாமா வாசலில் பிடித்துக்கொண்டார். கோத்திரம் என்பது விஞ்ஞானம் என்று அவர் எங்கேயோ படித்திருக்கிறார். "தகப்பனாரிடமிருந்து புத்திரனுக்கு, புத்திரனிடமிருந்து பௌத்திரனுக்கு! உங்க ஒய் குரோமோசோம் போற வழிதானே எங்க கோத்திரம் போற வழி?" என்றார். வழி ஒன்றுதான் என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் மாமா, குரோமோசோம்களிலேயே குட்டியானவற்றில் அந்த ஒய்யும் ஒன்று, அதில் இருக்கிற ஜீன்களும் ரொம்பக் குறைவு என்றேன். மாமாவுக்கு அது ருசிக்கவில்லை.

போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லி வைத்தேன். செல்லுக்கு சக்தி தயாரித்துக் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று இருக்கிறது. அதற்குத் தனி ஜீன்கள். அவை அம்மாவிடமிருந்துதான் பிள்ளைக்கு வருகின்றன. அப்பாவுக்கு அதில் பங்கில்லை. கல்யாணமானால் பெண்ணுக்குக் கோத்திரம் மாறும், இது மாறாது. மாமி உள்ளேயிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நன்னா கேட்டுக்கோங்கோ. நம்ம பசங்களோட சுறுசுறுப்பெல்லாம் எங்கம்மா குடுத்து விட்டதுன்னு நான் சொன்னா நம்பமாட்டேளே. இப்போ எதிராத்துப் பொண்ணே சொல்றா, ஒத்துக்கோங்கோ."

சொந்தமில்லாத சொந்தம்

மாமியின் வெற்றி எனக்கு ஒரு புத்தியைக் கொடுத்தது: எந்தப் பக்கத்திலிருந்து என்ன வந்தது என்று காட்டிவிட்டால் ஒத்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் மங்கையர்க்கரசி அம்மாவை மட்டும் கூப்பிட்டு, குடும்ப வரைபடம் போட உட்கார்ந்தேன். எங்கள் தொழிலில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கவிதாவுக்கு வட்டம் போட்டு, "இவங்க அப்பா பேரு?" என்றேன். சொன்னார். "அவர் கூடப் பிறந்தவங்க?" என்றேன். 

"ஒரு தம்பி இருந்தான், சின்னதுலயே போயிட்டான். அப்புறம் நான்" என்றார்.

பேனா நின்றுவிட்டது. மாமியாரை அத்தை என்று கூப்பிடுவது நம் ஊரில் பொது வழக்கம் என்பதால், கவிதா அத்தை அத்தை என்றபோது நான் காதில் வாங்கவே இல்லை. "சொந்தத்துல இல்லைன்னு சொன்னீங்களே?" என்றேன். அந்த அம்மாவுக்கு என் மேல் உண்மையான பரிதாபம் வந்துவிட்டது. "சொந்தம்னா ஒண்ணுவிட்டது, தூரத்து வழின்னு தேடிப் போய் எடுக்கிறதுங்க. இது என் அண்ணன் பொண்ணு. முறைப் பொண்ணு. பொறந்தப்பவே பேசி வச்சது. பொருத்தம்கூட எட்டு இருந்துச்சு" என்றார். டாக்டர்கள், நர்சுகள், நான் எல்லோரும் இந்தப் பதிலில் காலங்காலமாக வழுக்கி விழுகிறோம். இருந்தும் ஒவ்வொரு முறையும் புதிதாக விழுகிறோம்.

நான் வரைபடத்தை அவர் பக்கம் திருப்பினேன். மேலே அவருடைய அப்பா அம்மா. ஒரு கோடு அண்ணன் வழியாகக் கவிதாவுக்கு இறங்குகிறது. இன்னொரு கோடு இவர் வழியாகச் செந்திலுக்கு. கீழே இரண்டும் யாழினியிடம் போய்ச் சேருகின்றன. "அவ பொறந்த வீட்டு வழின்னு சொன்னீங்க. அது உங்க பொறந்த வீடுதானேம்மா?" என்றேன். ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிற மாதிரி விரலால் அந்தக் கோடுகளை மேலேயிருந்து கீழே வரை இழுத்துப் பார்த்தார். எனக்கே பாவமாக இருந்தது.

"அந்த வீட்டை விட்டு நான் மஞ்சக் கயிறோட வெளியில வந்து எத்தனையோ வருஷம் ஆச்சுங்க. இன்னுமா அது என்கூட வரும்?"

முருங்கைக்கீரை

தோற்றுப் போகிற ஆள் இல்லை அவர். "முதல்ல எனக்கு எடுங்க. என்கிட்ட இல்லைன்னா என் புள்ளையைத் தொடக்கூடாது" என்று கையை நீட்டிவிட்டார். அவரிடம் இல்லாவிட்டாலும் செந்திலின் அப்பா வழியாக வந்திருக்கலாம் என்ற நியாயத்தை நான் அப்போதைக்கு விழுங்கிக்கொண்டேன். கை நீட்டுகிற நேரத்தில் பாடம் நடத்தக்கூடாது என்பது இந்தத் தொழிலில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

முடிவு வந்த அன்று மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் கேரியர். என்ன கோபம் வருமோ என்று நானே முந்திக்கொண்டேன். "உங்களுக்கு நோய் எதுவும் இல்லைம்மா. ரத்தம் எப்பவும் கொஞ்சம் கம்மியா காட்டும், அவ்வளவுதான்" என்றேன். அது உண்மைதான் என்றார். கல்யாணமான நாளிலிருந்து ரத்தச்சோகை என்று எல்லோரும் சொன்னார்களாம். இரும்பு டானிக், பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை என்று மாமியார் வீட்டில் பிடித்துப் பிடித்து ஊட்டியிருக்கிறார்கள். இது இரும்பு குறைவதால் வருவது இல்லை, அதனால் இரும்பு தின்று தீராது என்று விளக்கினேன். அவர் நெடுமூச்சு விட்டார். மகன் பக்கம் திரும்பி, "நீட்டுடா கையை" என்றார். செந்தில் நீட்டினான். பிறகு என்னிடம் திரும்பினார்.

"எவ குடுத்த ஜீனோ போகட்டும் விடுங்க. அந்த முருங்கைக்கீரைச் சாறு அத்தனையையும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சேனே, அதுக்கு யார் பதில் சொல்றது?"

தாயக்கட்டை

பிழை இருந்த இடம் தெரிந்தது. கவிதாவுக்கும் செந்திலுக்கும் ஒரே இடம், ஒரே எழுத்துப் பிழை. இனி கருவைச் சுற்றியிருக்கும் திசுவில் துளி எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குச் சம்மதம் கேட்க கவிதாவைத் தனியாக உட்காரவைத்தேன். அத்தை முன்னால் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. 

நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்றேன். "எங்கம்மா சொன்னாங்க, ஒண்ணு வந்திருச்சு, இனி மூணு நல்லபடியா பொறக்கும்னு" என்றாள். இந்தக் கணக்கைப் போடாத வீடு இல்லை. "இல்லைம்மா. வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபதம் ஆடுவீங்கல்ல? போன தடவை என்ன விழுந்ததுன்னு தாயக்கட்டைக்கு ஞாபகம் இருக்குமா? ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான் உருளும். ஒவ்வொரு குழந்தைக்கும் அதே நாலுல ஒண்ணுதான்" என்றேன். ரொம்ப நன்றாகச் சொல்லிவிட்டதாக எனக்குள் ஒரு பெருமை. அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது. ஊசி குத்தும்போது யாழினியின் கைகளைப் பிடித்துக்கொள்வது அவள்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் உவமையை நான் அன்றைக்கே தூக்கிப் போட்டிருக்க வேண்டும்.

"தாயக்கட்டைக்கு ஞாபகம் இல்லாம இருக்கலாம் மேடம். எனக்கு இருக்கே."

கத்தரிக்கோல்

ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த நாட்களில் அந்த அம்மா கடையைப் பூட்டிவிட்டு என் அறைக்கு வரத் தொடங்கினார். ஒரு நாள் கைப்பேசியில் ஒரு வீடியோ. "ஜீனையே கத்தரிச்சுத் தைக்கிறாங்களாமே?" என்றார். நிஜம்தான் என்றேன். நாம் வயிற்றில் இருந்தபோது நம் ரத்தத்தில் வேறு வகை ஹீமோகுளோபின் இருந்தது. பிறந்த பிறகு உடம்பு ஒரு ஸ்விட்சைப் போட்டு அதை நிறுத்திவிட்டு, பெரியவர்களுக்கானதைத் தொடங்கும். தலசீமியாவில் அந்தப் பெரியவர் சரக்குதான் கெட்டிருக்கிறது. குழந்தைச் சரக்கு நன்றாகவே இருக்கிறது. ஆகவே நோயாளியின் ரத்தம் ஊறும் செல்களை வெளியே எடுத்து, நிறுத்தி வைத்த அந்த ஸ்விட்சைக் குறிபார்த்து வெட்டி, செல்களை உடம்புக்குள் திரும்ப அனுப்புகிறார்கள். பழைய குழந்தை ரத்தம் மறுபடி ஊறுகிறது. வெளிநாடுகளில் சிலருக்கு ரத்தம் ஏற்றுவதே நின்றுபோயிருக்கிறது. 

அவர் கூட வந்திருந்த யாழினியைப் பார்த்தார். "இங்க எப்ப வரும்?" இப்போதைக்கு நம் கைக்கு எட்டாத செலவு, எப்போது எட்டும் என்று எனக்குத் தெரியாது என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. இன்னொரு வழி இருக்கிறது. பிறக்கப்போகும் குழந்தைக்கு நோய் இல்லாமல், திசுவும் அக்காவோடு பொருந்தினால், அதன் எலும்பு மஜ்ஜையை யாழினிக்கு மாற்றலாம். ஆனால் அந்தப் பொருத்தத்துக்கும் நாலில் ஒன்றுதான். அவர் நம்பிக்கையை விடாமல் பேரம் பேசினார்.

"அவசரம்னு வந்தா நான் தீபாவளிக்கு முந்தின நாள்கூட ஜாக்கெட்டை ஆல்டர் பண்ணித் தரேன்ல? உங்க ஆளுங்ககிட்டயும் கொஞ்சம் அவசரம்னு சொல்லி வைங்க."

தனிக்குடித்தனம்

இன்னொரு நாள் பேச்சு எங்கெங்கோ போய், பிள்ளை பெற்றவள் உடம்பில் பிள்ளையின் செல்களில் சில, பல வருஷங்கள் வரை தங்கியிருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று சொன்னேன். தாயின் செல்களும் பிள்ளைக்குள் அப்படியே தங்கும். அவை அங்கே நல்லது செய்கின்றனவா, சும்மா இருக்கின்றனவா என்று இன்னும் முழுதாகத் தெரியவில்லை. அந்த அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நெஞ்சுக்குள் யாரோ நகர்வதுபோல் உட்கார்ந்திருந்தார். அப்படியானால் கவிதாவின் அம்மாவுக்குள் கவிதாவும் இருப்பாளா என்று கேட்டார். இருப்பாள் என்றேன். "பாவம் அந்தப் பொண்ணு" என்று முதல் முறையாக மருமகளைப் பற்றி மெதுவாகச் சொன்னார். அடுத்த நிமிஷமே முகம் மலர்ந்துவிட்டது. எனக்குக் கவலையாகப் போய்விட்டது, ஒரு மாமியாரிடம் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோமோ என்று.

"அப்ப என் புள்ளை தனிக்குடித்தனம் போறேன்னு போனாக்கூட, எங்கிட்டேருந்து முழுசாப் போக முடியாதுன்னு சொல்லுங்க."

வாய் மட்டும்

ரிப்போர்ட் வந்த காலையில் மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். "ஆணா பொண்ணான்னு கேக்க மாட்டேன், கேக்கவும் கூடாது, தெரியும். நல்லதா கெட்டதான்னு மட்டும் சொல்லுங்க" என்றார் அந்த அம்மா. செந்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கவிதா என் வாயையே பார்த்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை. "நோய் இல்லை. கேரியர் மட்டும்தான்" என்றேன். 

கவிதா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். "கேரியர்னா, என்னை மாதிரியா?" என்று கேட்டார் அந்த அம்மா. "உங்களை மாதிரியேதாம்மா" என்றேன். அவர் எழுந்து போய் மருமகள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"அழாதடி. என்னை மாதிரின்னா வாய்தான் கொஞ்சம் நீளும். வேற ஒண்ணும் ஆகாது."

பதினோராவது பொருத்தம்

பிறந்தது பெண். அக்காவோடு பொருந்துகிறதா என்று பார்க்க ரத்தம் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. யாழினிக்கு ரத்தம் ஏற்றும் நாட்களில் இப்போது கைகளைப் பிடித்துக்கொள்வது பாட்டியின் வேலையாகியிருக்கிறது. 

போன வாரம் படிக்கட்டில் அந்தக் குரல் கேட்டது. கூட ஒரு கூட்டம். கவிதாவின் தம்பிக்கு அவன் அம்மா வழியில் முறைப் பெண் ஒன்று பேசியிருக்கிறார்களாம். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளை, பெண், இரு வீட்டார் எல்லோரையும் ஆட்டோ பிடித்து ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். "பத்துப் பொருத்தமும் அப்புறம். முதல்ல பதினோராவதைப் பாருங்க மேடம். ரெண்டு பேருக்கும் இருந்தா யோசிக்கட்டும். ஒருத்தருக்குத்தான்னா தாராளமா கட்டட்டும்" என்றார். நான் சொல்லிக் கொடுத்ததை என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னார். பரிகாரம் கேட்ட கே.கே. நகர்க்காரரை இவரிடம் அனுப்பியிருக்கலாம் என்று தோன்றியது.

பெண்ணின் அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு தொண்டையைக் கனைத்தார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். "எங்க பக்கத்துல அப்படி யாரும் இல்லைங்க. இருந்தா அந்தப் பக்கத்துலதான்" என்று கவிதாவைக் காட்டினார். கவிதா தலை குனிந்தாள். மங்கையர்க்கரசி அம்மா அவளுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"அவளைக் காட்டாதீங்க, என்னைக் காட்டுங்க. அது எங்கப்பன் வீட்டுச் சொத்து, இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவ நான். நானும் இதே நாற்காலியில உக்காந்து உங்களை மாதிரியேதான் சொன்னேன். கையை நீட்டுங்க."

என் வேலையில் கால்வாசியை இப்போது அந்த அம்மாவே பார்த்துவிடுவதால், "எங்க பக்கத்துல அப்படி யாரும் இல்லைங்க" என்பதைக் கடைசி வரை கேட்டு முடிக்கிற மீதி முக்கால்வாசி மட்டும்தான் எனக்கு மிச்சம்.